மீட்டர் லைட்டும் எல்.இ.டி மோகமும்

பழைய கார் வைத்திருக்கும் ஒருவர் இரவில் மீட்டர் சரியாகத் தெரியவில்லை, முள் எங்கே நிற்கிறதென்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் வைத்தியம் சொல்லிவிடுவார்: "பழைய பல்பைத் தூக்கிப் போட்டுட்டு எல்.இ.டி போடுங்க சார். பளிச்சுனு இருக்கும், ஆயுசுக்கும் போகாது." ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதைத்தான் சொல்கிறார். ஆக்சஸரீஸ் கடைக்காரர் சொல்கிறார். சொந்தமாகக் கார் இல்லாத மச்சானும் சொல்கிறார். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் நீலம், வெள்ளை, பச்சை என்று எந்த நிறத்தில் கேட்டாலும் எடுத்து நீட்டுவார்கள்.

இத்தனை பேர் சொல்வதால் அது சரியாகிவிடாது. மங்கலுக்குக் காரணம் பல்புதானா என்பதே முதலில் சந்தேகம். பல்புதான் என்று வைத்துக்கொண்டாலும், எல்.இ.டி அதற்கு மாற்று என்பது பல வண்டிகளில் பொருந்தாது. சில வண்டிகளில் அது மீட்டரைத் தாண்டி பேட்டரி வரைக்கும் வம்பை இழுத்துவிடும்.

நான் பேசுவது பிலமென்ட் பல்பை நம்பி மீட்டர் செய்த காலத்து வண்டிகளைப் பற்றி. அம்பாசடர், பத்மினி, கான்டெசா, 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, பின்னால் வந்த ஜென், எஸ்டீம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் நின்றது 2014-இல். அதே ஆண்டில்தான் நீல எல்.இ.டியை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த விளக்கோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. என் வீட்டில் எரிவதெல்லாம் அதுதான். அதற்காக அம்பாசடரின் மீட்டருக்குள்ளும் அதுதான் எரிய வேண்டும் என்று ஸ்டாக்ஹோமில் யாரும் தீர்ப்பு எழுதிவிடவில்லை.

முதலில் மங்கலுக்கு வருவோம். பிலமென்ட் பல்பு வோல்ட் விஷயத்தில் மிகவும் ரோஷக்காரப் பிறவி. அதன் ஒளி, வோல்ட் குறைகிற அளவுக்கு மட்டும் குறைவதில்லை. வோல்ட்டின் ஏறத்தாழ 3.4-ஆம் படிக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது பல்புக்கு வர வேண்டிய மின்னழுத்தத்தில் 10 சதவீதம் வழியில் தொலைந்தால், ஒளியில் 30 சதவீதம் போய்விடும். வண்டி ஓடும்போது வரவேண்டிய 13.5 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே நின்றுவிட்டால் ஒளியில் 40 சதவீதத்துக்கும் மேல் போய்விடுகிறது. இருபது, முப்பது வருஷம் ஓடிய வண்டியில் இந்த 2 வோல்ட் தொலைவதற்கு இடத்துக்கா பஞ்சம்? ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த கிளிப், தேய்ந்த லைட் சுவிட்ச், டேஷ்போர்டுக்குக் கீழே பாடியோடு திருகி வைத்த எர்த் ஒயர். இவற்றில் எர்த்தான் பெரும்பாலும் குற்றவாளி. துரு என்பது சத்தமில்லாமல் போட்ட ரெசிஸ்டன்ஸ்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வோல்ட் குறைந்தால் ஒளி குறையும், ஆனால் பல்பின் ஆயுள் ஏறும். அது 12-ஆம் படிக்கும் மேல் மாறுகிற விஷயம். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஆயுள் மூன்று மடங்குக்கு மேல் நீளும். அதனால் உங்கள் மீட்டர் பல்பு வருஷக்கணக்காக மங்கலாகவே எரிந்துகொண்டு, ஃபியூஸ் போகவும் மறுக்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது ஒயரிங்கை. "பல்பு பழசாயிடுச்சு சார்" என்கிற எலக்ட்ரீஷியன், பசிக்கிறவனுக்கு மூக்குக்கண்ணாடி எழுதிக்கொடுக்கிறார்.

சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பார்க் லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை மீட்டர் லைட்டின் எர்த்தில். லைட் எரியும்போது அங்கே சுழியை ஒட்டிய எண்தான் வர வேண்டும். அரை வோல்ட், முக்கால் வோல்ட் என்று காட்டினால் பல்பு வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எர்த் போல்ட்டைத் தேடுங்கள். மல்டிமீட்டர் இல்லையா? நீளமான ஒரு ஒயரை மீட்டரின் எர்த்திலிருந்து நேரே பேட்டரி நெகட்டிவுக்குத் தொட்டுப் பாருங்கள். டயல் சட்டென்று முகம் மலர்ந்தால் விஷயம் முடிந்தது. இன்னொரு அடையாளமும் உண்டு. பெரும்பாலான பழைய வண்டிகளில் மீட்டர் லைட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் ஒரே ஃபியூஸில், ஒரே சுவிட்சில் வரும். பின் விளக்கும் மங்கலாக இருந்தால் நோய் மீட்டருக்குள் இல்லை. இதைப் பார்க்க வண்டியை விட்டு இறங்கிப் பின்னால் போனால் போதும். ஆனால் எல்.இ.டி சொல்கிற எந்தக் கடையிலும் ஒருவரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை.

டிம்மர் திருகு உள்ள வண்டிகளில் இன்னொரு கூத்து நடக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தைப் பிள்ளைகள் யாராவது கீழே திருகிவிட்டிருப்பார்கள். அல்லது பல வருஷம் ஒரே இடத்தில் நின்று உள்ளே கறுத்திருக்கும். முழுக்க மேலும் கீழும் பல தடவை உருட்டினால் பாதி வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. அதனாலேயே யாரும் சொல்வதும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் மங்கல் என்றால் மீட்டரைக் கழற்றுவது நியாயம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பழைய மாருதி 800 மாதிரி கேபிள் வைத்த மீட்டர் என்றால், பின்னால் கையை விட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு மீட்டரை முன்னால் இழுத்தால் காய்ந்துபோன பிளாஸ்டிக் காதுதான் முதலில் ஒடியும். கையில் வந்த மீட்டரைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும், அங்கங்கே பொத்தான் மாதிரி பல்பு ஹோல்டர்கள் செருகியிருக்கும். ஹோல்டரைக் கால்வட்டம் இடப்பக்கமாகத் திருகினால் பல்போடு வெளியே வந்துவிடும். அந்தப் பல்பை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் புகை படிந்த மாதிரி சாம்பல் பூச்சு தெரியும். அது அழுக்கு இல்லை, துடைத்தாலும் போகாது. பிலமென்ட்டிலிருந்து ஆவியான டங்ஸ்டன், குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிந்தது அது. ஹெட்லைட் ஹாலஜன் பல்பில் அதைத் திரும்ப பிலமென்ட்டுக்கே அனுப்ப உள்ளே வாயு இருக்கிறது. இந்தச் சின்னப் பல்பில் அந்த வசதி கிடையாது. இப்படிக் கறுத்த பல்பை மாற்றத்தான் வேண்டும். ஒன்று கறுத்திருந்தால் மற்றதும் அதே வயதுதான். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் டயலில் ஒரு பக்கம் பகலும் மறுபக்கம் இரவுமாக இருக்கும்.

ஆனால் கையில் மீட்டர் இருக்கும்போது பல்பை மட்டும் பார்ப்பது பாதி வேலை. ஹோல்டரின் கால்கள் உட்காருகிற செம்புக் கோடுகள் கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் செம்பு மின்னும். கொஞ்சம் அழுத்தினாலும் கோடே உரிந்து வந்துவிடும், ஜாக்கிரதை. மீட்டர் கூட்டின் உட்சுவர் வெள்ளையாக இருக்கும். ஒளியைத் திருப்பி டயலுக்கு அனுப்பத்தான் அந்த வெள்ளை. இருபது வருஷத் தூசியில் அது பழுப்பாகியிருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். பல ஜப்பானிய வழி மீட்டர்களில் பல்புக்கு மேலே பச்சை அல்லது நீல ரப்பர் தொப்பி போட்டிருக்கும். பல்பின் சூட்டில் அது கறுத்து மொறுமொறுத்துப் போயிருந்தால், எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் அந்தத் தொப்பிக்குள்ளேயே முடிந்துவிடும்.

பல்பு வாங்கும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள். அம்பாசடர் காலத்து மீட்டர்களில் திருகு வைத்த 2.2 வாட் பல்பு, ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் டயலுக்கு 3.4 வாட்டும் எச்சரிக்கை விளக்குக்கு 1.4 வாட்டும் கொண்ட கேப் இல்லாத பல்பு என்று வழக்கம் மாறும். பார்க் லைட்டுக்குப் போடுகிற 5 வாட் பல்பும் அந்த ஹோல்டரில் அழகாக உட்காரும். "அதையே போடுங்க, இன்னும் பிரகாசமா இருக்கும்" என்பார்கள். இருக்கும், சில மாதங்களுக்கு. அப்புறம் ஹோல்டர் உருகும், டயலின் அச்சு பழுப்பாகும், தொப்பி கருகும். அந்த மீட்டரைச் செய்தவர் கணக்குப் போட்டுத்தான் 3.4 என்று எழுதினார்.

இப்போது எல்.இ.டிக்கு வருகிறேன். பிலமென்ட் பல்பு எல்லாத் திசையிலும் ஒளியைக் கொட்டும். பழைய மீட்டரின் கூடு, வெள்ளைச் சுவர், ஒளியைக் கடத்தும் கண்ணாடி பிளாஸ்டிக் எல்லாம் அந்தக் குணத்தை நம்பிச் செய்தவை. கடையில் விற்கிற மலிவு எல்.இ.டி முன்னால் மட்டும் பாய்கிறது. போட்டுப் பார்த்தால் 60 என்ற எண் கண்ணைக் குத்தும், 100 தேய்ந்துபோயிருக்கும், பெட்ரோல் முள்ளைத் தேடவே வேண்டும். பக்கவாட்டிலும் சில்லு வைத்தது வாங்கினால் இது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். நிறத்தின் கோளாறு அதனால் தீராது. வெள்ளை எல்.இ.டி என்பது நீலச் சில்லுக்கு மேல் மஞ்சள் பூச்சு. அதன் ஒளியில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு இளைத்திருக்கும். மஞ்சளும் சிவப்பும் மிகுந்த பிலமென்ட் ஒளியை மனதில் வைத்துத்தான் பழைய மீட்டரின் பச்சைத் தொப்பியையும் சிவப்பு முள்ளையும் தேர்ந்தார்கள். அதற்குப் பின்னால் நீலம் கலந்த வெள்ளையை வைத்தால் டயல் ஆஸ்பத்திரி நிறத்துக்குப் போகும், முள் கறுத்துப்போகும். வேகத்தைச் சொல்வது முள்தானே? அதை மங்கவைத்து எண்ணைப் பளிச்சென்று ஆக்குவதை முன்னேற்றம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

டிம்மரும் அதோடு போகும். பழைய டிம்மர் வெறும் கம்பிச்சுருள் ரெசிஸ்டன்ஸ். நான்கைந்து பல்புகள் இழுக்கும் ஒரு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை வைத்துத்தான் அது வோல்ட்டைக் குறைக்கும். எல்.இ.டிகள் இழுப்பதோ அதில் சின்னப் பங்கு. திருகைத் திருகத் திருக எதுவும் மங்காது. மங்கலைத் தீர்க்கப் போய், வேண்டும்போது மங்க வைக்கிற வசதியையும் தொலைத்துவிட்டு வருகிறோம்.

இவையெல்லாம் கண்ணுக்குப் பிடிக்கும், பிடிக்காது என்கிற ரகம். சார்ஜிங் லைட் விவகாரம் வேறு ரகம். சிவப்பாக பேட்டரிப் படம் போட்ட அந்த விளக்கை வெறும் எச்சரிக்கை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். லூகாஸ், பாஷ் வழி வந்த பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிற பாதையும்கூட. சாவியைப் போட்டதும் பேட்டரியிலிருந்து அந்தப் பல்பு வழியாகத்தான் ரோட்டர் சுருளுக்கு முதல் மின்னோட்டம் போகிறது. அந்தக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆல்டர்னேட்டர் தன் வேலையைத் தொடங்குகிறது. 2 வாட் பல்பு என்றால் சுமார் 170 மில்லிஆம்பியர் போகும். அதே இடத்தில் எல்.இ.டி வைத்தால் 20 மில்லிஆம்பியர் போனால் அதிகம். விளைவு? வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆல்டர்னேட்டர் தூங்கும். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்த பிறகுதான் எழும், அல்லது எழாமலே கிடக்கும். பேட்டரி இறங்கும். "டைனமோ போச்சு சார்" என்று ஆல்டர்னேட்டரைக் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, ரெகுலேட்டர் மாற்றி, கடைசியில் புது பேட்டரியும் வாங்க வைப்பார்கள். மீட்டரில் போட்ட சின்ன எல்.இ.டியை யார் சந்தேகப்படுவார்கள்? எல்லா வண்டியிலும் இப்படி இல்லை. டைனமோ இருந்த பழைய அம்பாசடர்களுக்கு அந்தப் பல்பின் தயவு தேவையில்லை. ஜப்பானிய வகை ரெகுலேட்டர்கள் பலவற்றில் தனி ஒயர் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாதவரிடம் அந்தப் பல்பைத் தொடவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. "எல்லாத்தையும் எல்.இ.டி பண்ணிடலாம்" என்பவர் தெரியாதவர் பட்டியலில் முதல் ஆள்.

இண்டிகேட்டர் அம்பு ஒன்றே ஒன்று இருக்கிற மீட்டர்களிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. அந்தப் பல்பை இடது, வலது இரண்டு ஒயர்களுக்கும் நடுவே கட்டியிருப்பார்கள். இடப்பக்கம் போட்டால் மின்னோட்டம் ஒரு திசையில், வலப்பக்கம் போட்டால் எதிர்த்திசையில். பிலமென்ட்டுக்குத் திசை ஒரு பொருட்டில்லை. சாதாரண எல்.இ.டி ஒரு பக்கத்துக்கு மட்டும் மின்னும், மறுபக்கத்துக்கு மௌனம்.

"ஆயுசுக்கும் போகாது" என்கிற வாதத்தைத்தான் எதிர்த்தரப்பின் பலமான வாதம் என்று மதிக்கிறேன். மீட்டரைக் கழற்றுவது சிரமம், பல்பின் விலையைவிடக் கூலி அதிகம், அதனால் ஒருமுறை பிரித்தால் மறுபடி பிரிக்காத மாதிரி செய்துவிட வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் கம்பெனி போட்ட பல்பு எத்தனை வருஷம் எரிந்தது? பதினைந்து வருஷம், இருபது வருஷம். அதைக் கையில் வைத்துக்கொண்டே "இதுக்கு ஆயுசு இல்ல சார்" என்கிறார்கள். மீட்டர் பல்பு எரிவது இரவில் மட்டும், அதுவும் வண்டி ஓடும்போது மட்டும். அதற்கு எதிரே வைக்கும் எல்.இ.டி எது? உள்ளே மூன்று சில்லுகளை வரிசையாகக் கட்டி ஒரு ரெசிஸ்டர் மட்டும் போட்டது. பேட்டரி 12 வோல்ட்டில் இருக்கும்போது அதில் ஓடும் மின்னோட்டம், சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வேகிற டேஷ்போர்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு சில்லு போனால் மூன்றும் போச்சு. போவதற்கு முன்னால் ஒரு சீசன் மினுக்கிக் காட்டிவிட்டுத்தான் போகும். உள்ளே கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் வைத்த நல்ல எல்.இ.டி இருக்கிறது, நெடுநாள் உழைக்கும். நம் ஊர்க் கடையில் பாக்கெட்டில் தொங்குவது அது இல்லை.

பிரகாசமே கூடாதா என்றால், மீட்டர் விஷயத்தில் ஓரளவுக்குமேல் கூடாது. ஊர்ப்புறத்து இருவழிச் சாலையில் விளக்கே இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும்; நீல ஒளி அந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் கலைத்துவிடும், ஆழ்ந்த சிவப்பு அவ்வளவு கலைக்காது. எதிரே வருகிற பஸ்காரர் ஹை பீமில் எப்படியும் கண்ணைக் கெடுக்கிறார், மீட்டர் லைட்டா கெடுக்கப்போகிறது என்று கேட்பார்கள். பஸ் சில நொடியில் கடந்துவிடும். மீட்டர் வீடு போய்ச் சேரும்வரை கண்முன்னால், முன்கண்ணாடியில் பிரதிபலித்துக்கொண்டு கூடவே வரும். இன்னொரு தொல்லையும் உண்டு: நீல ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிவதால் இரவில் நீல எழுத்துகள் ஓரம் பிசிறித் தெரியும். பி.எம்.டபிள்யூ பல காலம் செம்மஞ்சள் ஒளியை விடாமல் வைத்திருந்ததும், சாப் கம்பெனி 1990-களில் ஸ்பீடோமீட்டரைத் தவிர மற்றதையெல்லாம் இருட்டாக்கும் பொத்தானை வைத்ததும் வெளிச்சத்துக்கு வழியில்லாமலா?

இன்னொரு கட்சி இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் செகண்ட் ஹாண்டில் மீட்டரையே வாங்கி மாட்டிவிடு என்பார்கள். கூலி ஒன்றுதான், மீட்டர் முழுசாகக் கிடைக்கும். அந்த மீட்டரில் இருப்பது யாரோ ஒருவருடைய கிலோமீட்டர். உங்கள் வண்டி எவ்வளவு ஓடியது என்ற கணக்கு அன்றோடு முடிந்தது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில்லைப் பார்த்துக் கழித்துக் கணக்குப் போடவும் வழியில்லை, விற்கப் போனால் வாங்குகிறவர் நம்பவும் வழியில்லை. அந்த மீட்டருக்குள் இருக்கும் பல்பும் இதே வயதுப் பல்புதான் என்பது தனிக்கதை. போனில் ஜி.பி.எஸ் வேகம் காட்டுகிறதே, மீட்டர் லைட் எதற்கு என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. போன் ஆயில் பிரஷரைக் காட்டாது.

எல்.இ.டி போடக்கூடிய இடம் வண்டிக்குள் இருக்கிறது. கூரை விளக்கில் தாராளமாகப் போடலாம். டிக்கி விளக்கு, டேஷ்போர்டு பெட்டிக்குள் எரியும் விளக்கு, இவற்றில் சூடு குறைவதும் நல்லது, மறந்துபோய் எரியவிட்டால் பேட்டரி மெதுவாக இறங்குவதும் நல்லது. மீட்டரில்தான் போட்டாக வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் தொப்பியின் நிறத்திலேயே வாங்குங்கள், பச்சைக்குப் பின்னால் பச்சை. சார்ஜிங் லைட்டையும் ஒற்றை இண்டிகேட்டர் அம்பையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்த எல்.இ.டி பேச்சு முழுவதிலும் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று. எல்லோரும் டயலுக்கு வெளிச்சம் கேட்கிறார்கள். எரியாமலே கிடக்கிற எச்சரிக்கை விளக்கை யாரும் கேட்பதில்லை. டயல் மங்கினால் தெரியும். ஆயில் லைட்டின் பல்பு போனால் தெரியாது, ஏனென்றால் அது வழக்கமாகவே எரியாத விளக்கு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்திப் பாருங்கள். ஆயில் கேன் படமும் பேட்டரிப் படமும் சிவப்பாக எரிய வேண்டும். எரியவில்லை என்றால், சம்ப்பில் ஆயில் வற்றுகிற அன்றைக்கும் எரியாது. பேரிங் தட்டுகிற சத்தம்தான் உங்களுக்கு முதல் செய்தியாக வரும், அப்போது இன்ஜின் வேலை பல ஆயிரத்தில் நிற்கும். மீட்டரைக் கழற்றுகிற எலக்ட்ரீஷியனிடம் முதலில் அந்த 1.4 வாட் பல்பைப் போடச் சொல்லுங்கள். டயல் பல்புகளை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.